போனில் ஒரு வாடகை, வாசலில் ஒரு வாடகை

வியாபாரத்தில் விலை கூடுவது வேறு, விலை தெரியாமல் இருப்பது வேறு. விலை கூடினால் வாங்குபவர் யோசிப்பார், பேரம் பேசுவார், முடிந்தால் வாங்குவார். விலையே தெரியாவிட்டால் அவர் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிடுவார். இந்த வாரப் பாடத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்போம். உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது, எமது வாசகர்களில் பலர் வருடத்தில் சில தடவையாவது பணம் கொடுத்து வாங்கும் ஒன்று. அதுதான் தூர இடங்களில் ஓர் இரவு தங்கும் அறை.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில், விடத்தல்தீவைத் தாண்டினால் வருவது இலுப்பைக்கடவை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஆழமற்ற கடல். மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த ஊர். 2008இல் போர் கடந்து சென்ற இந்த வீதி, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நேர்வழியாகிவிட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. போக்குவரத்து வந்துவிட்டது. ஆனால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பதுபோலத் தெருவுக்குத் தெரு விடுதிகள் இந்தப் பக்கம் இல்லை.

இங்கே வருபவர்கள் எல்லோரும் உல்லாசப் பயணிகள் அல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் குடியேறினார்கள். விடத்தல்தீவு, எருக்கலம்பிட்டி, முசலிப் பகுதிக் குடும்பங்கள் பல இன்றும் இரு ஊருக்கும் நடுவில் வாழ்கின்றன. காணி அலுவல், ஜனாஸா, திருமணம், வயல் வேலை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக வருவார்கள். உறவினர் வீடு இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்களுக்கு வாடகை அறைதான் வழி. ஆகவே அறை வாடகை எத்தனை ரூபா என்ற கேள்வி, ஊருக்குத் திரும்பி வந்து போகும் செலவு எத்தனை என்ற கேள்வியும்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். காணி அலுவலாக இலுப்பைக்கடவைக்குப் போக வேண்டியிருந்தது. மன்னார்ப் பக்கத்தில் ஒரு விடுதிக்கு முதல்நாளே போன் செய்து கேட்டேன். அறை 4,500 ரூபா என்றார்கள். மாலையில் போய் இறங்கியதும், “அது மின்விசிறி அறை. அது நிரம்பிவிட்டது, ஏசி அறை 7,000” என்றார்கள். காலையில் கணக்கு முடிக்கும்போது சேவைக் கட்டணம் என்று இன்னும் 10 வீதம். அங்கே தங்கியிருந்த இன்னொருவரோடு பேசிப் பார்த்தேன். அதே மாதிரியான அறைக்கு அவர் கொடுத்தது 5,500. விடுதிக்காரர் கெட்ட மனிதர் அல்ல, உபசரிப்பில் குறையும் இல்லை. அந்த விடுதியில் அறைக்கு என்று ஒரு விலையே கிடையாது. அதுதான் விஷயம்.

விலை ஏன் தளம்புகிறது?

முதலில் விடுதிக்காரரின் பக்கத்தைப் பார்ப்போம். அவரது கஷ்டம் உண்மையானது.

ஒன்று, பருவம். மடு மாதா தேவாலயத்தின் ஆகஸ்ட் பெருவிழா, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி, வங்காலையிலும் கட்டுக்கரைக்குளத்திலும் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்கள் ஆகிய காலங்களில் அறை கிடைக்காது. மற்றக் காலங்களில் ஆள் கிடையாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆறு அறை உள்ள ஒரு விடுதியின் வருடச் செலவு 15 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 1,000 அறை-இரவுகள் விற்றால் ஓர் இரவின் அடக்கச் செலவு 1,500 ரூபா. 500தான் விற்றால் அதே இரவின் செலவு 3,000 ரூபா. அறை மாறவில்லை, கட்டில் மாறவில்லை, செலவு இரட்டிப்பாகிவிட்டது. ஆள் குறைந்த ஊரில் அறை மலிவாக இருக்கும் என்று நாம் நினைப்பது இதனால்தான் பல வேளைகளில் பொய்த்துப்போகிறது.

இரண்டு, ரூபாவின் பெறுமதி. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. அந்த வருடம் மே மாதமளவில் 360 ரூபாவளவுக்குப் போனது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. அதன் பின்னர் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஒரு தடவை தங்கிப்போனவர் சொன்ன விலையும், பழைய அறிவிப்பில் அச்சிட்ட விலையும் இப்படித்தான் உதவாத எண்களாகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. விலையில் திகதி இல்லை, அவ்வளவுதான்.

மூன்று, வரியும் தரகும். வற் வரி 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. இணையத்தில் முன்பதிவு செய்துகொடுக்கும் நிறுவனங்கள் பொதுவாக 15 வீதமளவில் தரகு எடுக்கின்றன. அங்கே ஒரு விலை, நேரில் ஒரு விலை என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது காரணத்தில் நாம் நின்று பேசவேண்டும். அது பயணியின் கையறு நிலை.

இருட்டிய பின் எழும் விலை

அமெரிக்கப் பொருளியலாளர் பீட்டர் டயமண்ட் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் விசித்திரமான ஒரு முடிவைக் காட்டினார். கடைகள் பல இருந்தாலும், அடுத்த கடைக்குப் போய் விலை கேட்க வாங்குபவருக்குச் சிறிது செலவு ஏற்பட்டாலே போதும். ஒவ்வொரு கடைக்காரரும் தான் ஒருவரே அந்த ஊரில் இருப்பதுபோல விலை வைக்கலாம். பிற்காலத்தில், 2010இல், அவர் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கணக்கை ஏ32 வீதியில் வைத்துப் பாருங்கள். மாலை ஏழு மணி. குடும்பம் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது. அடுத்த விடுதிக்குப் போக முச்சக்கர வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், அங்கே அறை இருக்குமா என்பதும் தெரியாது. வாசலில் நிற்கும் விடுதிக்காரருக்கு இது தெரியும். அந்த நேரத்தில் அவர் சொல்லும் விலைக்கும் அறைக்கும் தொடர்பில்லை. பயணியின் களைப்புத்தான் அங்கே விலையாகிறது.

இதன் மறுபக்கத்தையும் பொருளியல் சொல்கிறது. ஜோர்ஜ் அகர்லொவ் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை விளக்கினார். எது நல்ல சரக்கு என்று வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், எல்லாச் சரக்கையும் அவர் சந்தேக விலைக்கே மதிப்பார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் விலகிப்போவார். அறை விடயத்திலும் இதுதான் நடக்கிறது. ஒரு விடுதியில் ஏமாந்தவர் அந்த விடுதியை மட்டும் குறை சொல்வதில்லை. “மன்னார்ப் பக்கம் அப்படித்தான்” என்கிறார். நேர்மையாக விலை சொல்லும் அடுத்த விடுதிக்காரரின் வியாபாரமும் அதோடு போகிறது.

எமது மார்க்கச் சட்டமும் இதை நெடுங்காலத்துக்கு முன்னரே தொட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊர் விலை அறியாதவரின் அறியாமையை இலாபமாக்கக் கூடாது என்பது இதன் கருத்து. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. அதேவேளை மதீனாவில் விலைகள் ஏறியபோது, விலையைக் கட்டுப்படுத்தித் தரும்படி மக்கள் கேட்டும் அவர்கள் அதற்கு இணங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விலை ஏறலாம், ஆனால் அதை மறைத்துவைக்கக் கூடாது. இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில் வாடகைத் தொகை இரு தரப்புக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் வலியுறுத்துவதும் இதனால்தான்.

மன்னார்க் கரைக்கும் இது புதிய விடயம் அல்ல. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1903 முதல் 1906 வரை முத்துக்குளிப்பு நடந்தபோது, வெறும் மணற்கரையில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளர்கள் வந்தார்கள். வந்தவர் எல்லோரும் ஊருக்குப் புதியவர்கள். ஆனாலும் சிப்பிகள் அரசாங்க அதிகாரிகளின் முன்னிலையில், ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழும்படி ஏலம் போயின. விலை நாளுக்கு நாள் மாறியது. ஆனால் அன்றைய விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் வாடிக்கையாளரைத் தவறாக எண்ணவைக்கும் விதத்தில் நடப்பதைத் தடை செய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, பெரிய ஹோட்டல்களை மட்டுமல்ல, விருந்தினர் இல்லங்களையும், வீட்டில் அறை கொடுப்பவர்களையும் பதிவு செய்கிறது. வற் வரிக்குப் பதிவு செய்யாத ஒருவர் அந்த வரியின் பெயரால் பணம் அறவிட முடியாது. பில்லில் அந்த வரி இருந்தால் பதிவிலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை. வெளிநாடுகளும் இந்தப் பக்கமே வருகின்றன. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், குறுகிய காலத் தங்குமிடங்களை விளம்பரம் செய்பவர்கள், கட்டாயக் கட்டணங்கள் யாவும் சேர்ந்த முழுத் தொகையையே முதலில் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

அறை கொடுப்பவர்களுக்கு

ஊருக்குத் திரும்பி வீடு கட்டி, ஓரிரு அறைகளை வாடகைக்குக் கொடுக்க நினைக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

1. வருடத்துக்கு இரண்டு விலை வையுங்கள். சாதாரண நாளில் 3,500 என்றால், விழா நாட்களில் 5,000 என்று வைப்பதில் குற்றமில்லை. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று எழுதுங்கள்.

2. விலைப் பலகையை வாசலில் மாட்டுங்கள். மேலே திகதி போடுங்கள். செலவு ஏறினால் பலகையை மாற்றுங்கள், ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள்.

3. விலைக்குள் என்ன அடக்கம் என்று சொல்லுங்கள். ஏசி, காலை உணவு, மேலதிக மெத்தை, மின்வெட்டு நேரத்து ஜெனரேட்டர், சாரதிக்கு இடம் ஆகிய ஐந்திலும்தான் அநேகமாகச் சண்டை வருகிறது.

4. போனில் சொன்ன விலையை உடனே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். முற்பணம் வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

பயணம் செய்பவர்களுக்கு

போனில் “அறை எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இத்தனையாம் திகதி இரவு, இத்தனை பேர், எல்லாம் சேர்த்து நான் கொடுக்கும் மொத்தத் தொகை எவ்வளவு?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். சொல்பவர் முதலாளியா வேலையாளா என்று அறிந்து பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஒரு விடுதியின் இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள். டயமண்டின் கணக்கை முறிப்பதற்கு அந்த ஓர் இலக்கம் பெரிய உதவி. முடிந்தவரை பகலிலேயே போய்ச் சேருங்கள். உறுதி செய்த விலையைக் குறைக்கச் சொல்லி வாசலில் நின்று பேரம் பேசாதீர்கள். பேச்சு மாறக்கூடாது என்பது நமக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒரு கணக்கு. வருடத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு இரவு தங்கும் ஒரு குடும்பம், இரவுக்கு 5,000 வீதம் கொடுத்தால் 40,000 ரூபா. இருட்டிய வேளையில் அந்தக் குடும்பத்திடம் 2,500 ரூபா கூடுதலாக வாங்கிய விடுதிக்காரர் அன்றிரவு இலாபம் பார்த்திருப்பார். அடுத்த தடவை அந்தக் குடும்பம் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, அலுவலை முடித்து அன்றே புத்தளம் திரும்பிவிடும். அறை வாடகையோடு இரவுச் சாப்பாட்டுக் கடை, காலைத் தேநீர்க் கடை, முச்சக்கர வண்டிக்காரர், மீன் வாங்கிக்கொண்டு போகும் கரைவாடி என்று எல்லோருடைய வருமானமும் அந்த வேனோடு போய்விடும். இலுப்பைக்கடவை வீதியில் வாகனங்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. அவற்றில் எத்தனை ஓர் இரவு நிற்கின்றன என்பதைத் தீர்மானிப்பதில் வாசலில் மாட்டும் அந்த விலைப் பலகைக்கும் ஒரு பங்குண்டு.