மூன்று கொடி கண்ட வல்லூறு

நுழையும்முன்

போரில் பகைவரால் மாண்டோர் பலர். நண்பரின் குண்டுக்கு இரையானோரும் உளர். ஓரணியில் நின்ற நாடுகள் ஒன்றையொன்று இனங்காணத் தவறியதால் நேர்ந்த இழப்பை ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு உணர்த்துகிறது.

இரவலாக வந்த கப்பல்

1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்தது. எனினும், அதன் கடற்படை பணியவில்லை. தப்பிய கப்பல்கள் பிரிட்டனை அடைந்து, அந்நாட்டுக் கடற்படையுடன் இணைந்து போரிட்டன. மாலுமிகள் இருந்தனர், போதிய கப்பல்கள் இல்லை. இந்நிலையில், நட்பு நாடுகளுக்குப் போர்க்கருவிகளை வழங்க வழிசெய்யும் கடன்–குத்தகைச் சட்டத்தை அமெரிக்கா 1941 மார்ச்சில் இயற்றியது.

அமெரிக்கக் கடற்படையில் 1923 முதல் பணியாற்றிய 'எஸ்-25' என்னும் நீர்மூழ்கிக் கப்பல், 1941 நவம்பர் 4 அன்று பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரிட்டன் அதனைப் போலந்துக்கு அளித்தது. போலந்து மாலுமிகள் அதற்கு 'யாஸ்ட்ஷோம்ப்' எனப் பெயரிட்டனர். போலந்து மொழியில் இதற்கு 'வல்லூறு' என்பது பொருள். பொலெஸ்வாஃப் ரோமனோவ்ஸ்கி அதன் தலைவரானார். முதல் உலகப்போர்க் கால வடிவமைப்புடைய அம்முதிய கப்பலைப் பழுதுகள் ஓயாது வருத்தின.

கடலில் நேர்ந்த துயரம்

1942 ஏப்ரல் இறுதியில், 'பி.கியூ.15' என்னும் வணிகக் கப்பல் தொகுதி, சோவியத் ஒன்றியத்தின் மூர்மான்ஸ்க் துறைமுகத்திற்குப் போர்ப்பொருள்களை ஏற்றிச் சென்றது. அதனைத் தாக்க ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் வரக்கூடும் என்பதால், நார்வேக்கு அப்பால் காவல் புரியும் பணி யாஸ்ட்ஷோம்புக்கு அளிக்கப்பட்டது.

நடுக்கடலில் கதிரவனையும் விண்மீன்களையும் அளந்தே கப்பலின் இருப்பிடத்தைக் கணித்த காலம் அது. மேகமூட்டம் அவற்றை மறைத்தது. கடல் நீரோட்டம் கப்பலை இழுத்தது. தனக்கு வகுக்கப்பட்ட எல்லையை விட்டு விலகிய அக்கப்பல், வணிகக் கப்பல்களின் வழியை நெருங்கியது.

மே 2 அன்று, காவற்பணியிலிருந்த நார்வேயின் 'செயின்ட் ஆல்பன்ஸ்', பிரிட்டனின் 'சீகல்' ஆகிய கப்பல்கள் அதனைப் பகைவரின் கப்பலெனக் கருதின. ஆழ்நீர்க் குண்டுகள் வெடித்தன. நிலைகுலைந்து மேலெழுந்த யாஸ்ட்ஷோம்ப், நட்புக் கப்பல் என்பதைக் காட்ட மஞ்சள் புகையை எழுப்பியது. அதன் பின்னரும் துப்பாக்கிகள் முழங்கின. உண்மை தெளிவதற்குள் போலந்து வீரர் மூவரும் பிரிட்டிஷ் செய்தித் தொடர்பாளர் இருவரும் உயிரிழந்தனர். ரோமனோவ்ஸ்கி உட்படப் பலர் காயமுற்றனர். உயிர்தப்பியோர் மீட்கப்பட்டபின், சிதைந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

தெரியுமா?

தாக்கிய செயின்ட் ஆல்பன்ஸும் அமெரிக்காவில் கட்டப்பட்டதே. 'தாமஸ்' என்னும் பெயருடன் இருந்த அக்கப்பல், 1940இல் பிரிட்டனுக்கும், பின்னர் அங்கிருந்து நார்வேக்கும் கைம்மாறியது.

வரலாறு உணர்த்துவது

தாக்கிய கப்பல்கள்மீது குற்றமில்லை என விசாரணை முடிவுசெய்தது. தொகுதியைக் காப்பது அவற்றின் கடமை; ஐயத்திற்குரிய கப்பலைத் தாக்கத் தயங்கினால் வணிகக் கப்பல்கள் அழியக்கூடும். ஆயினும், ஐவர் மாண்டனர். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கப்பலைக் கொடுத்துவிடலாம். கொந்தளிக்கும் கடலில் அக்கப்பலை நண்பனென அறியும் வழியையும் உறுதிசெய்தாலன்றிக் கூட்டணி முழுமை பெறாது.

கற்பவை கற்றபின்

1. யாஸ்ட்ஷோம்ப் தன் எல்லையை விட்டு விலகியதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. 'கடமையைச் செய்தோரும் துயரத்திற்குக் காரணமாகலாம்' என்னும் கருத்தைப் பாடத்தின்வழி வகுப்பறையில் விவாதிக்க.