ஒற்றைக் காலில் 30 விநாடி

“சார், போன வருஷம் மடங்குன அதே கால்தான். இது மூணாவது தடவை.”

வாலிபால் ஆடுபவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுபவர்கள், கபடி வீரர்கள், மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் என்று கணுக்கால் வீங்கி என்னிடம் வருகிற பலரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். முதல் தடவை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். “கட்டுப் போட்டேன். பத்து நாளில் வலி போய்விட்டது. ஆடப் போய்விட்டேன்” என்பார்கள்.

தவறு அந்தப் பதினோராம் நாளில்தான் நடக்கிறது. வலி நிற்பது ஒன்று, காயம் ஆறுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. பிசியோதெரபியின் முக்கியமான வேலை அந்த வாரங்களில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன ஆகிறது?

வலைக்கு அருகே எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணிக்காரரின் காலை மிதித்துவிடுகிறீர்கள். பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. வெளிக் கணுக்காலைப் பிணைத்திருக்கும் மூன்று நார்களில், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதில், முன்னால் இருப்பது பலம் குறைந்தது. பெரும்பாலும் அதுதான் முதலில் கிழியும்.

ஜவ்வுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி தகவல் அனுப்புபவை அவை. ஜவ்வு கிழிந்தால் அவையும் பழுதாகின்றன. கால் மடங்கத் தொடங்கியதுமே இழுத்துப் பிடிக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள், அதனால் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. வீக்கம் வற்றிய பிறகும் இந்தத் தாமதம் நீடிக்கலாம். அதே கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் கேள்வி: எலும்பா, ஜவ்வா?

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதிகளை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் சாரம் இது. அடிபட்டவுடனும் அதன் பிறகும் அந்தக் காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், நடுப்பகுதியில் புடைத்த எலும்பிலோ, உள் ஓரத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பிலோ வலி இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் எக்ஸ்ரே எடுக்க மருத்துவரிடம் போய்விடுங்கள். கால் கோணியிருந்தாலோ மரத்துப்போனாலோ காத்திருக்கவே கூடாது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோர் வலியின் அளவை நம்பாமல் உடனே காட்டிவிட வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

கிரேப் பேண்டேஜை விரல் நுனிகள் நிறம் மாறாத அளவுக்கு இறுக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். வலி அதிகமிருந்தால் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் காயத்தை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறைக்கு 1978-இல் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதினார்.

இந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மது வேண்டாம். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு செய்வதுதான் என்றாலும், புதிதாகக் கிழிந்த இடத்தில் அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும்.

முதல் இரண்டு வாரங்கள்

வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே காலை அசைக்கத் தொடங்குங்கள். உட்கார்ந்தபடி, பெருவிரலால் காற்றில் ‘அ’ முதல் ‘ஃ’ வரை எழுதுங்கள். கணுக்கால் எல்லாத் திசையிலும் அசைந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். நொண்டாமல் நடக்க முடியாதவரை ஊன்றுகோலின் துணை எடுத்துக்கொள்ளுங்கள். நொண்டி நடந்து பழகினால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும்.

பிறகு வலு. பாதத்தின் வெளி ஓரத்தைச் சுவரில் வைத்து, சுவரைத் தள்ளுவதுபோல் 10 விநாடி அழுத்துங்கள். பத்து முறை செய்யுங்கள். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்குங்கள். சுலபமானதும் அடிபட்ட காலால் மட்டும் செய்யுங்கள். நல்ல காலால் எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை இந்தக் காலாலும் முடிய வேண்டும்.

எல்லோரும் விட்டுவிடும் பயிற்சி

வலு வந்தாலும், பழுதான அந்தத் தகவல் பாதையைத் திரும்பப் பழக்க வேண்டும். அதற்கு ஒற்றைக் காலில் நிற்பதே சிறந்த வழி. முதலில் கண் திறந்து 30 விநாடி. பிறகு, பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கும்படி நின்று, கண் மூடி. அதன்பின் தலையணைமேல். கடைசியில், நண்பர் வீசும் பந்தைப் பிடித்தபடி.

இது கைவைத்தியம்போல எளிமையாகத் தெரியலாம். ஆனால் நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு, எட்டு வாரம் வீட்டிலேயே இத்தகைய சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி கால் மடங்கியது. பயிற்சி செய்யாதவர்களில் அது 33 சதவீதம். விலை உயர்ந்த எந்த இயந்திரமும் தேவைப்படாத பலன் இது.

எப்போது களத்துக்குத் திரும்பலாம்?

நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் சரியாகலாம். கடுமையாகக் கிழிந்திருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். காலிடமே கேளுங்கள். குதிகால் தரையிலிருந்து எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் இரண்டு காலுக்கும் ஒன்றாக இருக்கிறதா? ஒற்றைக் காலில் தாவும் தூரம், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வருகிறதா? எட்டு வடிவில் வேகமாக ஓடினால் பயமில்லாமல் திரும்ப முடிகிறதா? மறுநாள் காலையில் வீக்கமில்லாமல் எழுகிறீர்களா? இவையெல்லாம் சரியென்றால் ஆடுங்கள். மறுநாள் வீங்கினால் பயிற்சியை ஒரு படி குறையுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். முதல் சில மாதங்கள் ஆட்டத்தின்போது கணுக்கால் பிரேஸ் போடுவது நல்லது. அது பயிற்சிக்குத் துணைதான், மாற்று ஆகாது.

அடிபடாதவர்களுக்கு

இதே பயிற்சிகள் முதல் காயத்தையும் தள்ளிப்போடும். பள்ளிகளின் பி.இ.டி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டதும் நேராகப் பந்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் ஒற்றைக் கால் நிலை, குதிகால் உயர்த்தல், எம்பி மெதுவாக முழங்கால் மடக்கி இறங்குதல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லுங்கள். பதினாறு வயதில் கணுக்கால் தளர்ந்து, ஆட்டத்தையே விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இன்றிரவு பல் துலக்கும்போது ஒரு காலில் 30 விநாடி நில்லுங்கள். பிறகு மறு காலில். ஏதாவது ஒரு கால் அதிகமாகத் தள்ளாடினால், முன்பு எப்போதாவது மடங்கியது அந்தக் கால்தானா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால், பாதியில் விட்ட சிகிச்சையை நாளைக் காலையிலிருந்தே தொடரலாம்.