செந்நட்சத்திரத்தின் பின்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கூட அனுப்பியிருந்த படமும் கிடைத்தன. படத்தில் இருப்பது சோவியத் செந்நட்சத்திர விருதுதான். சிவப்பு எனாமல் பூசிய ஐந்து முனை, நடுவில் நீள ஓவர்கோட்டும் கையில் துப்பாக்கியுமாக நிற்கும் சிப்பாய், எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ‘போர்முனை நர்ஸ் ஒருவர் வாங்கியது’ என்று விற்கிறவர் சொன்னதை நம்பிப் பணத்தை நீட்டிவிடாதே. முன்பக்கத்தை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. டாங்கி ஓட்டியவருக்கும், பாலம் கட்டியவருக்கும், குண்டு மழையில் காயம்பட்டவரை இழுத்து வந்த பெண்ணுக்கும் அந்த அரசு கொடுத்தது ஒரே நட்சத்திரம். ராணுவ மருத்துவப் பிரிவுக்கென்று 1942இல் ஒரு பேட்ஜ் வந்தது, ‘சிறந்த மருத்துவப் பணியாளர்’ என்று. அதற்கும் இந்த விருதுக்கும் சம்பந்தமில்லை.

எனவே பின்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கு. இரண்டாம் உலகப் போர்க்கால நட்சத்திரங்களில் பெரும்பாலும் நாணயச்சாலையின் பெயர் ரஷ்ய எழுத்தில் இரண்டு வரியாக இருக்கும். நடுவில் திருகு, அதற்கு ஒரு வட்ட நட்டு. திருகின் மறுபுறம் கையால் செதுக்கிய எண். அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். எண்ணைச் சுற்றியுள்ள வெள்ளி மட்டும் வழவழவென்று பள்ளமாக இருந்தால், பழைய எண்ணை ராவிவிட்டுப் புதியதைச் செதுக்கியிருக்கிறார்கள். நல்ல கதையுள்ள எண்ணுக்கு நல்ல விலை என்பதால் நடக்கும் திருட்டு இது.

எண் எதற்கு என்றால், விருது பெற்றவருக்குக் கொடுத்த சிறு புத்தகத்திலும், அரசு வைத்துக்கொண்ட பதிவு அட்டையிலும் அதே எண் இருக்கும். அங்கிருந்து பெயர். பெயரிலிருந்து, எனக்கு இந்த வேலையில் பிடித்தமான ஒரே பொருளுக்குப் போகலாம்: பரிந்துரைத் தாள். ரெஜிமெண்ட் தலைமையிலிருந்து மேலே அனுப்பும் படிவம் அது. பெயர், தந்தை பெயர், பதவி, பிறந்த ஆண்டு, எப்போது படையில் சேர்ந்தார், எத்தனை முறை காயம்பட்டார், முன்பு வாங்கிய விருதுகள் என்று கேட்டுவிட்டு, அவர் செய்ததைச் சுருக்கமாக எழுதச் சொல்கிறது. பின்னால் மேலதிகாரிகளின் குறிப்பும் கையெழுத்தும். சில தாள்களில், செந்நட்சத்திரத்தைவிட உயர்ந்த செங்கொடி விருதுக்குப் பரிந்துரை போயிருக்கும். மேலே ஒருவர் ஒரே வரியில் ‘செந்நட்சத்திரம் போதும்’ என்று முடித்திருப்பார். அந்த ஒரு வரிக்காகவே தாளை முழுக்கப் படிக்க வேண்டும்.

மருத்துவப் பிரிவினரின் தாளைப் படிக்குமுன் ஓர் ஆணையைத் தெரிந்துகொள். 1941 ஆகஸ்ட் 23இல் பாதுகாப்பு மக்கள் ஆணையர் என்ற முறையில் ஸ்டாலின் பிறப்பித்த 281ஆம் ஆணை அது. போர்க்களத்திலிருந்து 15 பேரை மீட்டால் ‘துணிவுக்காக’ அல்லது ‘போர்ச்சேவைக்காக’ பதக்கம். 25 பேர் என்றால் செந்நட்சத்திரம். 40 பேருக்குச் செங்கொடி. 80 பேருக்கு லெனின் விருது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: காயம்பட்டவரை மட்டும் கொண்டுவந்தால் கணக்கில் வராது, அவருடைய துப்பாக்கியும் கூடவே வர வேண்டும். அந்தக் கோடையில் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஆளோடு ஆயுதமும் குவியல் குவியலாகப் போய்க்கொண்டிருந்தது. மயங்கிக் கிடக்கும் ஓர் ஆளை, அவர் துப்பாக்கியோடு சேர்த்து, தலையைத் தூக்காமல் வயிற்றால் ஊர்ந்து இழுத்து வருவதை நினைத்துப் பார். இழுத்தவர்களில் பலர் பள்ளி முடித்த கையோடு வந்த பெண்கள்.

இந்த ஆணை தெரியாமல் தாள்களைப் படிக்கிறவன் இரண்டில் ஒரு குழியில் விழுவான். ‘27 பேரை அவர்களது ஆயுதங்களுடன் மீட்டார்’ என்பது போன்ற வரியைக் கண்டதும் கண் கலங்கி, அதுதான் அந்தப் பெண் செய்த மொத்தம் என்று நினைப்பான். அல்லது ஒரே மாதிரி எண்களைத் தாள் தாளாகப் பார்த்துவிட்டு எல்லாம் கட்டுக்கதை என்பான். எழுதிய அதிகாரிக்கு எல்லைக்கோடு தெரியும். எந்த விருது கேட்கிறாரோ அதற்குத் தக்க எண் தாளில் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதே. சண்டை நடந்த இடம், தேதி, காயத்தோடு பணியைத் தொடர்ந்தாரா என்ற வாக்கியம், இவற்றைப் பிடித்துக்கொண்டு அதே ரெஜிமெண்டின் மற்றத் தாள்களோடு ஒப்பிடு. அறுவை மருத்துவர்களின் தாள்கள் வேறு தினுசு. அங்கே மீட்டவர்களுக்குப் பதில் அறுவைச் சிகிச்சைகளை எண்ணியிருப்பார்கள்.

இன்னொரு பொறி. 1944 ஜூனில் நீண்ட காலப் பணிக்கும் இதே விருதுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 10 ஆண்டுக்குப் ‘போர்ச்சேவைக்காக’ பதக்கம், 15க்குச் செந்நட்சத்திரம், 20க்குச் செங்கொடி, 25க்கு லெனின். 1957 வரை இது நடந்தது. பின்புல மருத்துவமனையில் கோப்பு பார்த்தவரின் மார்பிலும் செந்நட்சத்திரம் ஏறியிருக்கலாம். கேவலமாகச் சொல்லவில்லை, கோப்பு பார்க்காமல் எந்த மருத்துவமனையும் ஓடாது. ஆனால் விற்பவர் சொல்லும் போர்க்களக் கதை அங்கே பொருந்தாது. அதேபோல, தேசபக்தப் போர் விருதை 1985இல் வெற்றியின் 40ஆம் ஆண்டை ஒட்டி உயிரோடிருந்த முன்னாள் வீரர்களுக்கு மொத்தமாக வழங்கினார்கள். அந்த 1985 விருதைப் போர்க்காலத்தது என்று விற்பவர்கள் உண்டு. புகழ் விருது சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் உரியது. ‘ராணுவ டாக்டர் வாங்கிய புகழ் விருது’ என்று யாராவது கொண்டுவந்தால், டாக்டர் அதிகாரி வகை என்பதால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

அந்தப் புகழ் விருதின் மூன்று படிகளையும் வாங்கிய பெண்கள் நான்கே பேர். அவர்களில் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர் மத்ரியோனா நெச்சிபொர்ச்சுகோவா. திருமணத்துக்குப் பின் நஸ்திராச்சேவா ஆனார். அந்த நால்வரில் சேராத இன்னொருவர், கடற்படைத் தரைப்பிரிவில் இருந்த எகதெரீனா மிஹாய்லோவா, பின்னாளில் தியோமினா. 1944 டிசம்பரில் டான்யூப் கரையில் இலோக் கோட்டையருகே, தானே காயம்பட்ட நிலையிலும் வெள்ளத்தில் தத்தளித்த காயம்பட்டவர்களைக் காப்பாற்றினார். ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டத்துக்குப் பரிந்துரை போனது. கிடைத்தது செங்கொடி விருது. பட்டம் வந்தது 1990இல். இருவரையும் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண்களைத் தேடும்போது போர்க்காலப் பெயரும் பிற்காலப் பெயரும் வேறாக இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிப் பேர் தொலைந்துபோவார்கள்.

தேடுவதற்குப் பணம் வேண்டாம். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் பொதோல்ஸ்க் நகரிலுள்ள தன் மைய ஆவணக் காப்பகத்தின் தாள்களைப் படமெடுத்து, ‘மக்களின் வீரச்செயல்’, ‘மக்களின் நினைவு’ என்ற இரண்டு இணையத் தொகுப்புகளில் வைத்திருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளுக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உள்ள ராணுவ மருத்துவ ஆவணக் காப்பகம் தனி. ரஷ்யக் கையெழுத்தைப் படிக்கப் பழகு. அச்செழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடும், கையெழுத்துதான் உயிரை வாங்கும். 1943க்கு முந்தைய தாள்களில் மருத்துவர்களுக்குத் தனிப் பதவிப் பெயர்கள், பிறகு ‘மருத்துவப் பணி கேப்டன்’ போன்றவை. தாளின் காலத்தைக் கணிக்க அது கைகொடுக்கும்.

பெண்கள் வாங்கிய பதக்கங்கள் போருக்குப் பிறகு பட்ட பாடும் உனக்குத் தெரியட்டும். ‘போர்ச்சேவைக்காக’ பதக்கம் அணிந்த பெண்ணைப் பார்த்து, எந்தச் சேவைக்கு என்று கொச்சையாகக் கேலி பேசினார்கள். பலர் பதக்கத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அப்படிப் பெட்டியிலிருந்து வந்ததை விலை பேசும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாங்குவதைப் பற்றிக் கடைசியாக. ரஷ்யாவில் சோவியத் விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. அங்கிருந்து தபாலில் வரவழைக்கும் ஆசையை விட்டுவிடு. வேறு நாட்டுப் பழைய சேகரிப்பிலிருந்து வருவதானாலும், புத்தகமும் எண்ணும் பொருந்தாவிட்டால் தொடாதே. நான் உன் இடத்தில் இருந்தால் இந்த வருடம் ஒன்றும் வாங்கமாட்டேன். ஒரே ஒரு ரெஜிமெண்டை எடுத்துக்கொண்டு, அதன் மருத்துவப் பிரிவினரின் தாள்களை மட்டும் படித்துக் குறிப்பெடுப்பேன். முதல் பத்துத் தாள்களின் குறிப்பை எனக்கு அனுப்பு. பரிந்துரைத்த விருதையும் கிடைத்த விருதையும் தனித்தனியே எழுது.

அன்புடன்,
அண்ணன்