கரண்டியில் நிற்காத கஞ்சி

ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் குடிவந்த குடும்பங்கள் லயத்து வீட்டை விட்டுவந்தார்களே தவிர, பிள்ளைச் சோற்றின் பக்குவத்தை விட்டுவரவில்லை. அதில் குறைசொல்ல அதிகமில்லை. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பூசணி, பாசிப்பயறு எதுவும் கடையில் விற்கும் டின் மாவுக்கு இளைத்ததல்ல. கோளாறெல்லாம் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம், எதைத் தள்ளிவைக்கிறோம் என்பதில்தான்.

"கஞ்சித் தண்ணி போதும், கெட்டியா குடுத்தா தாங்காது."

பேராக்கில் அதிகம் கேட்கிற தீர்ப்பு இதுதான். அரிசியைக் குழைய விட்டு, துணியில் வடித்து, வெள்ளைத் தண்ணீரை மட்டும் ஊட்டுவார்கள். சத்தோ வடிதுணியிலேயே தங்கிவிடும். பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது கிலோ எடைக்கு 30 மில்லி அளவுதான். 7 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய 210 மில்லி. தாய்ப்பாலோடு சேர்த்து, 6 முதல் 8 மாதப் பிள்ளைக்குச் சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு 200 கலோரி அளவு வேண்டும். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை தூங்கும், ஆனால் வளராது. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. நீர்த்த சோறும் அதில் ஒன்று.

கெட்டி எவ்வளவு என்பதற்கு அளவுகோல் எளிது. கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஒழுகி ஓடக்கூடாது, மெல்ல நழுவ வேண்டும்.

கெட்டியானதை விழுங்கத் திணறுகிற பிள்ளைக்கும் வழி உண்டு. 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸும் உடன் ஆய்வாளர்களும் முளைகட்டிய தானிய மாவை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்கிற நொதி ஊறுகிறது. அது மாவுச்சத்தைச் சிறுசிறு துண்டாக்கும். கரண்டி நிற்கிற கெட்டிக் கூழில், முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு மாவு ஒரு சிட்டிகையைச் சூடு சற்றுத் தணிந்தபின் கலந்து கிண்டினால், சில நிமிடங்களில் கூழ் இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே. மாவின் அளவு அப்படியே இருக்க, விழுங்க மட்டும் இலகுவாகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். அந்தச் சிட்டிகை மாவை வறுத்துவிடக் கூடாது; வறுத்தால் நொதி செத்துப்போகும். கேழ்வரகை முளைகட்டி அரைத்த கிழவிகளுக்கு நொதியின் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. இதை விட்டுவிட்டு நாம் கஞ்சித் தண்ணியில் வந்து நின்றது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"எலும்பு சூப்புல எல்லாச் சத்தும் இறங்கிடும்."

இறங்குவது ருசி. புரதமும் இரும்புச்சத்தும் சட்டியின் அடியில் கிடக்கிற சதையோடு நிற்கின்றன; அதைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடுகிறோம். கருவில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறு மாத அளவில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு; 7 முதல் 12 மாதப் பிள்ளைக்கு 11. இத்தனூண்டு பிள்ளைக்கு அப்பனைவிட அதிகம்! ஆகவே சதையை மசித்துக் கொடுங்கள். வேகவைத்த கோழி ஈரல் ஒரு கரண்டி, வாரம் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. சைவக் குடும்பமென்றால் பயறும் கீரையும், கூடவே கொய்யாவோ சில சொட்டு எலுமிச்சையோ. அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவது இதற்கு நேர் எதிர்வேலை.

"முட்டை, மீன், கச்சாங் (கடலை) எல்லாம் ஒரு வயசுக்கு அப்புறம்."

இது பாட்டி சொன்னது மட்டுமல்ல, ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னது. இப்போது மாறிவிட்டது. இஸ்ரேலில் பிள்ளைகள் நிலக்கடலைப் பொரியைச் சிறுவயதிலேயே தின்கிறார்கள். லண்டனில் வளரும் யூதப் பிள்ளைகளைவிட அவர்களிடம் கடலை ஒவ்வாமை மிகக் குறைவு. இதைக் கண்ட கிடியன் லேக் குழுவினர் 640 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. முதல் வயதிலேயே கடலை சாப்பிடத் தொடங்கியவர்களிடம் ஒவ்வாமை 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. மெங்லெம்பு கச்சாங்குக்கும் புந்தோங் கச்சாங் பூத்தேவுக்கும் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கடலைக்குப் பயப்படுவானேன்? நைசாக அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். முழுக்கடலையை மட்டும் ஐந்து வயதுவரை கண்ணில் காட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கோ, முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கோ டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள். கெம்போங் மீனும் முழுதாக வெந்த முட்டையும் ஆறு மாதம் முதலே ஆகும். காய்ந்த நெத்திலியைப் பொடித்துத் தூவுவதில்தான் கவனம் தேவை. அதை உப்புநீரில் அவித்துக் காயவைக்கிறார்கள். ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

"தேன் தொட்டு வச்சா நாக்கு தெளியும்."

கூடாது. ஒரு வயதுவரை ஒரு சொட்டும் கூடாது. போட்டுலிசம் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். வீட்டு அடுப்பின் கொதியில் அவை சாகாது. சேனை வைக்கும் சடங்கை விட மனமில்லையென்றால் தாய்ப்பாலைத் தொட்டு வையுங்கள்.

"நாங்கல்லாம் டின் பால் குடிச்சு வளர்ந்தவங்கதானே?"

வளராமல் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வருவதில்லை. அன்று தோட்டத்தில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய தாய், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போனாள். வெயில் ஏறுமுன் மரம் சீவினால்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும். தன் பால் கட்டிக்கொள்வதை யாரிடம் சொல்வாள்? அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இனிப்பு டின் பாலைத் தண்ணீர் கலந்து நீட்டிக் கொடுத்தது வழியில்லாமல். அதைப் பிள்ளைக்கு நல்லதென்று விளம்பரம் செய்து விற்றவர்கள் வேறு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே இதைப் பேசினார். அந்தப் பாலில் பாதிக்குக் கிட்டச் சர்க்கரை. இன்று அலமாரியில் அதே வடிவ டின்னில் இருப்பவற்றில் பல பாலே அல்ல, கிரீமர். ரப்பரை வெட்டிவிட்டு நட்ட செம்பனையின் எண்ணெய் அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த வயதுப் பிள்ளைக்கும் அது பாலுக்கு மாற்றாகாது.

"காலையில ஆக்கி பிளாஸ்க்ல வச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

இப்போது தாய்மார் ஷிப்டுக்குப் போகிறார்கள், பிள்ளை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. வெதுவெதுப்பாக நிற்கிற சோறு கிருமிக்குத் தொட்டில். அரிசியில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. ஆக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். மிச்சத்தை உடனே ஆறவைத்துச் சிறு கிண்ணங்களில் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை இருக்கும். வேளைக்கு ஒரு கிண்ணம் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி, ஆற்றி ஊட்டச் சொல்லுங்கள். பிள்ளையின் எச்சில் கரண்டி பட்டது எவ்வளவு மீந்தாலும் திரும்ப உள்ளே போகக்கூடாது.