லிப்ட் கேட் நின்றுவிட்டால் முதலில் எங்கே பார்ப்பது?

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் சரக்கு அனுப்பும் நம் உறுப்பினர்களில் சிலர் லிப்ட் கேட் பொருத்திய வண்டி வைத்திருக்கிறார்கள். வண்டியின் பின்னால் உள்ள தட்டு, பட்டனை அழுத்தினால் பிரிட்ஜையும் எண்ணெய் டிரம்மையும் தரைக்கு இறக்கும், மேலேயும் ஏற்றும். கூலி மிச்சம், லோடுமேன் இடுப்புக்கும் நிம்மதி. ஆனால் பாதி உயரத்தில் நின்றுவிட்டால் அன்றைய வியாபாரம் அங்கேயே நிற்கும்.

அடியேனுக்கும் அந்த அனுபவம் உண்டு. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வாசலில் தட்டு அசையாமல் நின்றது. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு, புதுசுதான்" என்றார். செங்கல்பட்டில் பழைய லாரி எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினோம். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. சேசிஸில் எர்த் கேபிள் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினார். லக் முழுவதும் பச்சைக் களிம்பு, அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் தட்டு ஏறிவிட்டது. புது மோட்டார் வாங்கியிருந்தாலும் பழுது அப்படியேதான் இருந்திருக்கும்!

எதையும் தொடுமுன் ஒரு எச்சரிக்கை. தட்டின் மேலுள்ள சரக்கைப் பக்கவாட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். தட்டுக்கு உறுதியான முட்டுக் கொடுங்கள். அடியில் யாரும் நிற்கக் கூடாது. கை மோதிரம், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரி கம்பியில் மோதிரம் பட்டால் விரல் வெந்துபோகும்.

இனி, ஏற்றும் பட்டனை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். பட்டன் வழியாகச் செல்வது சிறு மின்சாரம். அது சொலினாய்டு என்ற பெரிய சுவிட்சை இழுக்கும். அதன் வழியாகத்தான் நூறு ஆம்பியருக்கு மேலான மின்சாரம் பம்ப் மோட்டாருக்குப் போகிறது. "டக்" என்ற சத்தமே இல்லையென்றால், முதலில் சிறு மின்சாரப் பாதையைப் பாருங்கள்: சிறிய பியூஸ், டிரைவர் கேபினில் உள்ள சுவிட்ச், பட்டன் பெட்டியின் ஒயர். தட்டு மடங்கும் இடத்தில் ஒயர் அடிக்கடி அறுந்துபோகிறது. "டக்" கேட்டும் மோட்டார் சுற்றாவிட்டால் பேட்டரி, பெரிய பியூஸ், தடித்த கேபிள், எர்த், சொலினாய்டின் உள்முனை ஆகியவற்றைப் பாருங்கள். ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். பல வகைகளில் தட்டு தன் எடையாலேயே இறங்கும். மின்சாரம் வால்வை மட்டும் திறக்கும். வால்வு காயிலையும் அதன் ஒயரையும் சோதியுங்கள். பட்டனை விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் சொலினாய்டு முனை ஒட்டிக்கொண்டது என்று பொருள். உடனே பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்கு முன்பே காட்டி வையுங்கள்.

பல்பு வைத்துப் பார்த்து "கரண்ட் வருதே" என்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல்புக்கு ஓரிரு ஆம்பியர் போதும். களிம்பு ஏறிய இணைப்பும் அதைக் கடத்திவிடும். மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும்போது அந்த இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். 12 வோல்ட் வண்டியில் மிச்சம் உள்ளது மோட்டாருக்குப் போதாது. இணைப்பும் கை வைக்க முடியாதபடி சுடும்.

ஆகவே மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போதே அளக்க வேண்டும். ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மோட்டார் உடலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. அதேபோல் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் டெர்மினலுக்கும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பேட்டரி வோல்ட் மட்டும் சரிந்தால் பேட்டரியே களைத்திருக்கிறது. கடைக்குக் கடை இன்ஜினை அணைத்து, பத்து இடத்தில் தட்டை ஏற்றி இறக்கினால் சார்ஜ் ஏற நேரம் ஏது? தட்டு இயங்கும்போது இன்ஜின் ஓடட்டும்.

நம் கடற்கரைப் பாதைக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு லக்கும் இரும்பு சேசிஸும் சேரும் இடத்தில் அரிப்பு வேகமாகும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததே, அதுபோன்ற மழை, காற்றுக்குப் பின் எர்த் போல்ட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். முதலில் பேட்டரியின் மைனஸை நீக்கி, லக்கையும் சேசிஸ் பரப்பையும் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கேபிளின் செம்பு உள்ளேயே கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, கேபிளை மாற்றிவிடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று கம்பி கட்டி ஓட்டுகிற வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. அது சரக்கோடு வண்டியையும் கொளுத்திவிடும்.

அக்டோபரில் வடகிழக்கு மழை பிடிக்குமுன் ஒரு ஞாயிறு இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவி, காய்ந்த பின் போல்ட்டுகளில் கை வையுங்கள். கழுவும்போது மோட்டார் பெட்டிக்குள் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.