நிலம் அதிர்ந்தால் எழும் நாங்கூழ்

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் அப்பலாச்சிக்கோலா என்னும் பெருங்காடு உள்ளது. அதன் அருகிலுள்ள சாப்சாப்பி என்ற சிற்றூரைச் சேர்ந்தவருள் சிலர், பொழுது புலரும் வேளையில் அக்காட்டுக்குள் செல்வர். மண்புழு திரட்டுவதே அவர்தம் தொழில். ஆயினும் அவர்கள் கையில் மண்வெட்டி இராது. ஒரு மரமுளையும் கனத்த இரும்புப் பட்டை ஒன்றுமே இருக்கும். முளையைத் தரையில் அறைந்து இறக்கி, அதன் தலையில் இரும்பை வைத்து அழுத்தித் தேய்ப்பர். பன்றி உறுமுவது போன்ற ஓசை எழும். காலடியில் நிலம் அதிரும். சில நிமிடங்களுக்குள் சுற்றிலும் மண்ணைத் துளைத்துக்கொண்டு பெரிய மண்புழுக்கள் வெளியே வரும். அவற்றை வாளியில் திரட்டித் தூண்டில் இரைக்காக விற்பர். வனத்துறையிடம் உரிமம் பெற்றுச் செய்யும் இத்தொழில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது.

தோண்டாமலே புழு ஏன் வெளியே வருகிறது? மேலே வந்தால் பறவை கொத்தும், வெயில் உலர்த்தும். தோலால் மூச்சுவிடும் உயிருக்குத் தோல் உலர்ந்தால் இறப்புத்தான். அத்தகைய உயிர் தன் வளையைத் தானே விட்டு ஓடிவருகிறதென்றால், உள்ளே அதனினும் பெரிய அச்சம் ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ?

இதற்கு மக்கள் இரண்டு விடைகள் கூறிவந்தனர். அதிர்வை மழையென்று எண்ணிப் புழு வெளியேறுகிறது என்பது ஒன்று. அகழெலி வருகிறது என்று அஞ்சி வெளியேறுகிறது என்பது மற்றொன்று. அகழெலி என்பது மண்ணுக்குள்ளேயே வாழும் சிறு பாலூட்டி. பெயரில் எலி இருப்பினும் அது எலியினத்தைச் சேர்ந்ததன்று. கண்ணும் காதும் புறத்தே தெரியா. முன்னங்கால்கள் துடுப்புப் போல் அகன்றிருக்கும். மண்புழுவே அதன் தலையாய உணவு. ஐரோப்பிய அகழெலி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அது புழுவின் தலைப்பகுதியைக் கடித்து, நகரவியலாதபடி செய்து, உயிருடனேயே தன் வளையில் சேமித்து வைக்கும்! புல்வெளியில் மண்மேடுகளை எழுப்புகிறதே என்று சினந்து மேலைநாட்டார் வீட்டு முற்றத்தில் பொறி வைத்து அதனைப் பிடிக்கின்றனர். அஃது அங்கே வந்தது புல்லுக்காக அன்று. புல்லின் அடியில் வாழும் புழுவுக்காக.

இரண்டாம் விடையைச் சார்லசு டார்வின் அறிந்திருந்தார். மண்புழுக்களைப் பற்றி 1881இல் வெளியிட்ட நூலில், நிலத்தை அடித்தாலோ அதிரச் செய்தாலோ அகழெலி துரத்துவதாக எண்ணிப் புழு வெளியேறும் என்று சொல்லப்படுவதைக் குறிப்பிட்டார். தாமும் புழுக்கள் மிகுந்த பல இடங்களில் நிலத்தை அடித்துப் பார்த்தார், ஒன்றுகூட வெளிவரவில்லை. அதனையும் மறைக்காமல் எழுதினார். அந்நூலில் நான் மிகவும் விரும்பும் பகுதி வேறொன்று. புழுக்கள் வாழும் தொட்டிகளின் அருகே அவருடைய மகன் பஸூன் என்னும் குழற்கருவியை வாசித்தார், புழுக்கள் அசையவில்லை. உரக்கக் கத்தியும் பயனில்லை. அத்தொட்டிகளைப் பியானோவின் மேல் வைத்துக் கட்டை ஒன்றை அழுத்தியவுடன், தலைநீட்டியிருந்த புழுக்கள் வளைக்குள் பாய்ந்து மறைந்தன. புழுவுக்குச் செவி இல்லை. ஆனால் உடல் முழுவதும் அதிர்வை உணர்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

டார்வினுக்குக் கிட்டாத விடை 2008இல் கிட்டியது. வாண்டர்பில்ட்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் கட்டானியா என்னும் உயிரியலாளர் அப்பலாச்சிக்கோலா காட்டுக்குச் சென்றார். புழு திரட்டுவோர் உழைக்கும் இடங்களிலேயே அகழெலிகளும் மிகுதியாக வாழ்வதை முதலில் உறுதி செய்தார். பின்னர் மண்ணும் புழுவும் நிறைந்த பெட்டிகளை அமைத்தார். மழை பெய்தபோது மிகச் சில புழுக்களே மேலே வந்தன. மண்ணுக்குள் அகழெலியை விட்டபோதோ, புழுக்கள் கூட்டமாக மேலே விரைந்தன. அகழெலி தோண்டும்போது எழும் அதிர்வையும் இரும்பை முளையில் தேய்க்கும்போது எழும் அதிர்வையும் பதிவு செய்து ஒப்பிட்டார். இரண்டும் ஒத்த தாழ்ந்த அதிர்வுகள். அகழெலி தன் இரையைத் துரத்திக்கொண்டு நிலத்தின் மேலே வருவது அரிது. ஆகவே மேலே ஓடிய புழு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அந்த ஓட்டத்தையே மனிதர், காரணம் அறியாமலே, தமக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

மனிதர் மட்டுமா? கடற்காகங்கள் புல்தரையில் நின்றபடி இரு கால்களையும் மாற்றி மாற்றி மிதிக்கும். வட அமெரிக்காவின் ஆமை ஒன்றும் முன்காலால் தரையைத் தட்டும். இரண்டும் வெளிவரும் புழுவை விழுங்கும். ஒவ்வொரு நாளும் வரும் பகைவனிடமிருந்து காக்கும் ஓட்டம், என்றோ ஒருநாள் வரும் பகைவனின் வாயில் கொண்டு சேர்க்கிறது. புழு ஏமாந்தது என்று இதனைச் சொல்லுதல் எனக்கு உடன்பாடன்று. நூறு முறை காத்த வழி ஒருமுறை பொய்த்தது, அவ்வளவே.

இங்கிலாந்தின் வில்லாசுட்டன் என்னும் சிற்றூரிலோ இது விளையாட்டாகிவிட்டது. 1980 முதல் அங்கே புழு எழுப்பும் போட்டி நடைபெறுகிறது. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட நிலம், அரைமணி நேரம், தோண்டுதல் கூடாது. அதன் விதிகளுள் நம் மனத்தைத் தொடுவது ஒன்றுண்டு: பறவைகள் கூடடைந்த பின்னரே புழுக்களை மீண்டும் மண்ணில் விடுதல் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். தென்னிந்தியாவில் அகழெலி இல்லை. இந்தியாவில் அஃது இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் வாழ்கிறது. பெங்களூரில் வீட்டு வளாகத்து மண்ணைக் குடைந்து குவிப்பது பெரும்பாலும் பெருச்சாளியே. ஆயினும் நம் புழுக்களுக்குப் பகை இல்லாமற் போகவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலை மண்ணில், தேய்ந்த கேடயம் போன்ற வால்நுனியுடைய சிறு பாம்புகள் வளை தோண்டி வாழ்கின்றன. அவற்றின் உணவும் மண்புழுவே.

இவ்வூரில் தமிழ் பயிலும் உங்களுள் பலருக்கு ‘எரெஹுளு’ என்னும் கன்னடச் சொல்லே முதலில் நாவில் வரும். அதில் குறையொன்றும் இல்லை. தமிழில் ‘ப’கரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ‘ஹ’கரமாகும்: பால் – ஹாலு, பல் – ஹல்லு. அவ்வாறே புழு, ‘ஹுளு’ ஆயிற்று. ‘எரெ’ என்பதற்கு இரை என்ற பொருளும் உண்டு. புளோரிடாக் காட்டில் கண்ட தூண்டில் இரை நம் அண்டை மொழியின் பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள்!

தமிழில் இதன் பழம்பெயர் நாங்கூழ். பெ. சுந்தரனார் இயற்றி 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, அதன் ஓயாத உழைப்பை உழவர் உழைப்பினும் உயர்த்திப் பேசுகிறான். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று மேலே வருகிறது என்று டார்வின் கணக்கிட்டுப் பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சுந்தரனாரும் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் இருந்துகொண்டே தமிழ் வளர்த்தவர்.

சொற்பொருள்

நாங்கூழ் – மண்புழு
வளை – மண்ணுக்குள் உயிர்கள் அமைக்கும் துளை
முளை – தரையில் அறையும் கூரிய கட்டை
விளித்தல் – அழைத்தல்

பயிற்சி

1. மழையன்று, அகழெலியே காரணம் என்பதைக் கட்டானியா எவ்வாறு தெளிந்தார்? ஐந்து வரிகளில் எழுதுக.

2. ப – ஹ மாற்றம் பெற்ற தமிழ், கன்னடச் சொல் இணைகள் மேலும் மூன்றினை வீட்டாரிடமோ கன்னடம் பேசும் நண்பரிடமோ கேட்டு எழுதுக.

3. பியானோ அதிர்ந்தபோது புழு உள்ளே ஒடுங்கியது; முளை அதிர்ந்தபோது வெளியே ஓடியது. இவ்வேறுபாடு ஏன்? இரண்டு நேரங்களிலும் புழு எங்கே இருந்தது என்பதை எண்ணி, நும் கருத்தை எழுதுக.

4. மழை விட்ட காலையில் பள்ளித் தோட்டத்தில் ஒரு முளையை நட்டுக் கட்டையால் தேய்த்துப் பார்க்க. வெளிவரும் புழுக்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஈரமான நிழலில் மண்ணிலேயே விடுக. ஒன்றும் வரவில்லையெனில், டார்வினைப் போல் அதனையும் எழுதுக.