வகுப்பறைக்கு ஓர் ஊர்க்குளம்: கட்டற்ற வழங்கி அமைப்போம்

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து நம் வயல்களுக்கு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே குளத்தை நிரப்பிக்கொண்ட ஊர், முறை நின்ற நாளிலும் சமாளிக்கும். இணையப் பாடங்களையும் இப்படிச் சேமித்து வைக்கலாம். அதற்கான குளமே சர்வர் எனப்படும் வழங்கி.

ஏன் தேவை?

100 எம்பி அளவுள்ள ஒரு காணொளியை 30 மாணவர்கள் இணையத்தில் தனித்தனியே பார்த்தால் 3 ஜிபி செலவாகும். வழங்கியில் இருந்தால் ஒருமுறை பதிவிறக்கிய 100 எம்பி போதும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல நாள் முடங்கியதை மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற காலத்தில் மின்சாரம் திரும்பியதுமே, இணையத்துக்குக் காத்திராமல் வழங்கியைக் கொண்டு பாடம் நடத்தலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் நம் தேவையை ஒரு வரியில் எழுதிக்கொள்வோம். மென்பொருளை அதன்பின் முடிவு செய்யலாம்.

• படிக்கவும் தேடவும் மட்டும் என்றால் கிவிக்ஸ். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி இணையமின்றிப் படிக்கலாம். படங்கள் இல்லாத பதிப்பு இடம் குறைவாக எடுக்கும்.

• காணொளியும் பயிற்சியும் வேண்டும், மாணவர் முன்னேற்றமும் பதிவாக வேண்டும் என்றால் கொலிப்ரி. நாம் தயாரித்த பாடங்களையும் இதில் சேர்க்கலாம்.

• வினாடி வினா, ஒப்படைப்பு, மதிப்பெண் என முழு வகுப்பையும் நடத்த மூடுல். இதை நிறுவவும் பராமரிக்கவும் கூடுதல் உழைப்பு வேண்டும்.

• ஆசிரியர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள மட்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட்.

புதிதாகத் தொடங்குவோருக்குக் கிவிக்ஸ் எளிது. இவை நான்கும் கட்டற்ற மென்பொருள்கள். பென்டிரைவில் நகலெடுத்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுப்பதற்கும் உரிமம் இடம் தருகிறது.

அமைக்கும் முறை

1. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய சொந்த மடிக்கணினி போதும். பள்ளி ஆய்வகக் கணினிகளில் அனுமதியின்றி எதையும் நிறுவ வேண்டாம்.

2. கிவிக்ஸ், கொலிப்ரி இரண்டும் விண்டோசிலேயே இயங்கும். கணினி மிகப் பழையதென்றால் டெபியன் லினக்ஸ் நிறுவலாம். விலையில்லா மடிக்கணினிகளில் முன்பு விண்டோசுடன் வந்த பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

3. இணையம் உள்ள இடத்தில் பாடக் கோப்புகளை இறக்கிக்கொள்ளவும்.

4. மடிக்கணினியை வைஃபை ரௌட்டருடன் இணைக்கவும். ரௌட்டருக்கு இணைய இணைப்பு தேவையில்லை. ரௌட்டர் அமைப்பில் மடிக்கணினிக்கு மாறாத முகவரி ஒன்று கொடுக்கவும்.

5. வகுப்பிலுள்ள டேப்லெட்டின் உலாவியில் அந்த முகவரியை, 192.168.1.10:8080 என்பதுபோல் தட்டச்சு செய்தால் பாடம் திறக்கும். திறக்கவில்லை என்றால் மடிக்கணினியின் ஃபயர்வால் தடுக்கிறதா எனப் பார்க்கவும்.

மடிக்கணினி 20 வாட் எடுத்தால், 50 மணி நேரம் ஓடினால்தான் 1 யூனிட் ஆகும். மின்தடையின்போது அதன் பேட்டரி கைகொடுக்கும். ரௌட்டருக்குத் தனியே மாற்று ஏற்பாடு வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதோர் குழந்தைகள். எந்தச் செயலி இலவசமாகக் கிடைத்தாலும் அதில் நம் மாணவரின் பெயர், கைபேசி எண், மதிப்பெண்ணை ஏற்றுமுன் அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று கேட்க வேண்டும். நம் வழங்கியில் அவை வகுப்பறையைத் தாண்டுவதில்லை. அதனால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. பெயருக்குப் பதில் வரிசை எண் போதும். வலுவான கடவுச்சொல் வையுங்கள். வெளி இணையத்திலிருந்து வழங்கியை அணுகும் வழியைத் திறக்காதீர்கள்.

வன்வட்டு எந்த நாளும் பழுதாகலாம். மாதம் ஒருமுறை வேறொரு வட்டில் நகலெடுத்து, அதை வேறு இடத்தில் வைக்கவும். அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தால்தான் அது பயன்படும் நகல் என்று நம்பலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

தம் ஊரின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடச் சொல்லுங்கள். கட்டுரை இல்லாத ஊர்களையும் தகவல் குறைவாக உள்ள ஊர்களையும் மாணவர்கள் பட்டியலிடட்டும். ஊரின் வாய்க்கால், குளம், கோயில், பயிர் பற்றிப் பெரியவர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கங்களை நம் வழங்கியில் முதலில் ஏற்றுவோம்.